நோகாத கட்டியும் ஒரு போகத் தாமதமும்

எமது கமக்காரக் குடும்பங்களில் நோய் என்றால் அது நோக வேண்டும். காய்ச்சல் என்றால் உடம்பு கொதிக்க வேண்டும். பல்வலி என்றால் நித்திரை பறிபோக வேண்டும். நோகாத ஒன்றை நோய் என்று ஏற்றுக்கொள்ள எமக்கு மனம் வருவதில்லை. இடம்பெயர்வு இந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கிவிட்டது. ஊரிலிருந்து நலன்புரி நிலையத்துக்கும், அங்கிருந்து உறவினர் வளவுக்கும், பின்னர் பற்றை மண்டிக் கிடந்த சொந்தக் காணிக்குமாக அலைந்த குடும்பங்களில், எது உடனே பார்க்க வேண்டியது, எது பொறுக்கக் கூடியது என்று தரம்பிரிக்கும் வேலை பெண்களின் தலையில்தான் விழுந்தது. பிள்ளையின் காய்ச்சல் முதலில் வரும். மாமியாரின் சலரோக மருந்து அடுத்ததாக வரும். பசுவின் மடிவீக்கத்துக்கும் ஓர் இடம் இருக்கும். தாயின் உடம்பு அந்த வரிசையின் கடைசியில் நிற்கும்.

மார்பகப் புற்றுநோய் இந்த வரிசைக்குள் ஒளிந்திருந்து வளர்கின்ற நோயாகும். ஆரம்பத்தில் அதன் கட்டி பெரும்பாலும் நோவதில்லை. சாப்பாடு இறங்கும், வேலை செய்ய முடியும், முகத்தில் ஒரு வாட்டமும் தெரியாது. இலங்கைப் பெண்களுக்கு வருகின்ற புற்றுநோய்களுள் முதலிடத்தில் இருப்பது இதுவே. புற்றுநோய் என்று கண்டறியப்படும் எமது நாட்டுப் பெண்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அது மார்பகத்தில் வந்ததாகவே இருக்கிறது. உலகம் முழுவதிலும் 2022 ஆம் ஆண்டில் 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது; அதே ஆண்டில் 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இதனால் இறந்தனர். செல்வந்த நாடுகளில் இந்நோய் கண்ட பெண்களில் 100 க்கு 90 பேருக்கு மேல் 5 ஆண்டுகள் கடந்தும் வாழ்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி இந்தியாவில் இது 66 பேர், தென்னாபிரிக்காவில் 40 பேர். இந்த இடைவெளி உண்டாவதற்குப் பெரும் காரணங்கள் எப்போது கண்டார்கள், எப்போது சிகிச்சையைத் தொடங்கினார்கள், தொடங்கியதை முடித்தார்களா என்பவையே.

வன்னியில் மீளக்குடியமர்ந்த ஒரு கிராமத்தில் நாம் அறிந்த தாய் ஒருவர் இருக்கிறார். காலபோக விதைப்புக்கு முன்னர், கிணற்றடியில் குளிக்கும்போது, இடது மார்பில் பயற்றங்கொட்டை அளவில் ஒன்று அவருடைய கைக்குத் தட்டுப்பட்டது. விதைப்பு முடியட்டும் என்று இருந்தார். பிறகு பசளை போட வேண்டியிருந்தது. பிறகு பன்றிக் காவல். பிறகு அருவிவெட்டு. கிழமைக்கடன் கட்ட வேண்டிய செவ்வாய்க்கிழமைகள் இடையிடையே வந்து போயின. சூடடித்து நெல்லை விற்றுக் கையில் நாலு காசு கண்ட பின்னர்தான் அவர் மகளிடம் வாய் திறந்தார். அப்போது அது தேசிக்காய் அளவாகிக் கக்கத்திலும் ஒரு நெறி கட்டியிருந்தது. "நோகேல்லைத்தானே சுவாமி. நோகாததுக்கு என்னெண்டு வேலையை விட்டிட்டு ஆசுப்பத்திரிக்குப் போறது?" என்று அவர் எம்மிடம் கேட்டார். அவர் கேட்டதில் எமக்குப் பிழை தெரியவில்லை. அவருடைய வீட்டுக் கணக்கில் அது சரியான கேள்விதான்.

எம்முடைய குறுகிய கால நெல் மூன்று, மூன்றரை மாதப் பயிர். இந்த நோயின் கணக்கும் ஏறத்தாழ அதே அளவில்தான் ஓடுகிறது என்பதைக் கமக்காரர் கவனிக்க வேண்டும். பல நாடுகளில் செய்யப்பட்ட 87 ஆய்வுகளை, ஏறக்குறைய ஓர் இலட்சம் நோயாளர்களின் விபரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 1999 இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அறிகுறி தெரிந்து 3 மாதங்களுக்கு மேல் தாமதித்தவர்களில் 5 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தவர்களின் வீதம், முந்திச் சென்றவர்களைவிட 12 சதவீதத்தால் குறைந்திருந்தது. விதைப்பில் கண்டு அறுவடையில் போவதென்பது சரியாக இந்தத் தாமதம். வெள்ளாமைக்குள் வந்த அறக்கொட்டியானை அறுவடைக்குப் பிறகு பார்ப்போம் என்று எந்தக் கமக்காரனும் விடுவதில்லை.

இப்படியான தாமதங்களைப் பற்றிப் பேசும் கருத்தரங்குகளில் "கிராமப் பெண்களின் அறியாமை" என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. இந்தச் சொல்லை நாம் ஏற்கவில்லை. அந்தத் தாய்க்குத் தன் மார்பில் கட்டி இருப்பது தெரியும். அது கெட்டதாக இருக்கலாம் என்ற பயமும் இருந்தது. அவருக்கு இல்லாதிருந்தது ஒரு நாள். விடிய ஐந்து மணி பஸ்சுக்கு வெளிக்கிட்டு, பொழுதுபட வீடு வந்து சேரும்வரை, வயலையும் அடுப்பையும் ஆட்டையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளும் ஒரு நாள். அதற்குரிய பஸ் காசு. "எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய்" என்று கேட்பவர்களுக்குக் கூச்சமின்றிச் சொல்லக்கூடிய ஒரு பதில். இந்த மூன்றையும் கொடுக்க வேண்டியவர்கள் வீட்டிலும் ஊரிலும் இருக்கிறார்கள். பெண் தலைமைத்துவக் குடும்பங்களில் கொடுப்பதற்கு வீட்டில் ஆளே இல்லை. அங்கே அந்தக் கடமை முழுவதும் ஊருக்குரியது.

கூச்சம் சின்ன விடயம் அல்ல. கால் முறிந்தால் ஊர் முழுக்கச் சொல்லலாம். மார்பைப் பற்றிக் கணவனிடம் சொல்லவே நாக்கு எழும்பாத பெண்கள் உள்ளனர். குமர்ப் பிள்ளை இருக்கும் வீட்டில் இன்னொரு பயமும் உண்டு: தாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் மகளின் கலியாணம் குழம்பும் என்பது. உண்மை என்னவென்றால், மார்பகப் புற்றுநோய்களில் 100 க்கு 5 முதல் 10 வரைதான் பரம்பரையாக வருகின்ற மரபணுக் கோளாற்றினால் உண்டாகின்றன. நோய் கண்ட பெண்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு, பெண்ணாய்ப் பிறந்ததையும் 40 வயதைக் கடந்ததையும் தவிர வேறு எந்தக் காரணத்தையும் காட்ட முடிவதில்லை. தாய்க்கோ சகோதரிக்கோ இளவயதில் வந்திருந்தால் மகள் முந்தியே போய்ப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அதற்காக அந்த வீட்டை ஒதுக்கி வைப்பவர்கள் நோயைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள். இது தொற்றுவதில்லை. ஒரே கோப்பையில் தேநீர் குடித்தால் வராது. செய்வினையால் வருவதும் இல்லை. பிள்ளைகளுக்குப் பாலூட்டியவர்களுக்கு ஆபத்து ஓரளவு குறைகிறது என்பது மெய். ஆனால் ஐந்து பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த தாய்மாரும் வார்ட்டில் படுத்திருக்கிறார்கள். ஆண்களுக்கும் அபூர்வமாக, நூறு நோயாளரில் ஒருவர் அல்லது அதிலும் குறைவாக, இந்நோய் வருகிறது. ஆகவே நெஞ்சில் கட்டி கண்ட ஆணும் சிரித்துவிட்டு இருந்துவிடக் கூடாது.

கத்தி பட்டால் பரவும், ஊசி குத்தினால் கிளறிவிடும் என்ற பேச்சு எமது ஊர்களில் இன்னும் இருக்கிறது. இது எப்படி வந்தது என்பது விளங்குகிறது. முற்றிய நிலையில் போனவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தும் பயன் கிடைக்காமல் போனதை ஊர் கண்டது. கத்தியின்மேல் பழியைப் போட்டது. கட்டியிலிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்க்காமல் அது புற்றுநோயா இல்லையா என்று எந்த வைத்தியராலும் முடிவாகச் சொல்ல இயலாது. அப்படிப் பார்க்கும்போது மார்பில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை, பத்தில் ஒன்பது வரையில், புற்றுநோய் அல்ல என்றே முடிவு வருகிறது. பயந்துகொண்டு வீட்டில் இருப்பவர்களில் அதிகமானோர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள் என்பதே இதன் பொருள். போய்ப் பார்த்தால் அன்றோ அடுத்த கிழமையோ அந்தப் பாரம் இறங்கிவிடும்.

மார்பை முழுவதும் எடுத்துவிடுவார்கள் என்ற பயத்துக்கும் பதில் உண்டு. ஒரு காலத்தில் எடுக்கத்தான் செய்தார்கள். அமெரிக்காவில் பேர்னாட் ஃபிஷர், இத்தாலியில் உம்பேர்ட்டோ வெரோனேசி ஆகிய சத்திரசிகிச்சை நிபுணர்களின் குழுவினர் நோயாளர்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2002 இல் முடிவை வெளியிட்டனர். கட்டி சிறிதாக இருக்கும்போது கட்டியையும் சுற்றியுள்ள சிறு பகுதியையும் மட்டும் எடுத்துக் கதிர்ச்சிகிச்சை கொடுத்த பெண்களும், முழு மார்பையும் எடுத்த பெண்களும் ஒரே அளவு காலம் உயிர் வாழ்ந்தனர். மார்பை இழப்போமோ என்று பயப்படும் பெண் முந்திப் போவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. பிந்தினால் முழுவதையும் எடுக்க நேரும் வாய்ப்புக் கூடுகிறது.

இனி, பார்ப்பது எப்படி என்ற விடயம். துண்டுப்பிரசுரங்களில் ஆளுயரக் கண்ணாடியின் முன் ஒரு பெண் நிற்பது போலப் படம் போடுகிறார்கள். தகரக் கொட்டிலிலும் ஒற்றை அறை வீட்டிலும் ஆறு பேர் வாழும் குடும்பத்தில் அந்தக் கண்ணாடிக்கும் தனிமைக்கும் எங்கே போவது? எம் பெண்களுக்கு வசதியான இடம் கிணற்றடிதான். குறுக்குக்கட்டோடு குளிக்கையில் சவர்க்காரம் போட்ட கை நன்றாக வழுக்கும். மூன்று விரல்களின் நுனியல்ல, அவற்றின் தட்டையான பகுதியால், சிறு வட்டமாக அழுத்தி, மார்பு முழுவதையும் கக்கத்தையும் கழுத்தெலும்பு வரையும் தடவிப் பார்க்க வேண்டும். வலது மார்புக்கு இடது கை, இடது மார்புக்கு வலது கை. இரவில் பாயில் படுத்திருக்கும்போதும் செய்யலாம். மாதவிடாய் வருபவர்கள் அது முடிந்த சில நாட்களில் பார்க்க வேண்டும். அதற்கு முந்திய நாட்களில் மார்பு வீங்கிக் கட்டி போலத் தட்டுப்பட்டு வீண் கலக்கத்தைத் தரும். மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கில் கொடுப்பனவு விழும் நாள் என்றால் மறக்காது.

தேட வேண்டியது கட்டியை மட்டுமல்ல. தோல் ஓரிடத்தில் உள்வாங்கிக் குழி விழுதல், தோடம்பழத் தோல் போலத் தடித்துத் துளை துளையாகத் தெரிதல், முன்பு நேராக இருந்த முலைக்காம்பு புதிதாக உள்ளே இழுபடுதல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் வருதல், காம்பைச் சுற்றி ஆறாத புண் அல்லது சொறி, ஒரு மார்பின் அளவோ வடிவமோ மாறுதல், கக்கத்தில் நெறி. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் போக வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு வரும் வீக்கத்தைப் பால்கட்டு என்று தள்ளிவிடுவது வழமை. மருந்தெடுத்தும் இரண்டு கிழமைக்குள் வற்றாவிட்டால் திரும்பவும் காட்ட வேண்டும்.

தன் கையால் பார்த்துக்கொள்வது மட்டும் போதுமென்று நாம் சொல்லவில்லை. சீனாவின் சங்காய் நகரில் 2 இலட்சத்து 66 ஆயிரம் பெண் ஆலைத் தொழிலாளரை வைத்து நடந்த பெரிய ஆய்வில், சுயபரிசோதனை கற்றுக் கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் இடையில் இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை என்று 2002 இல் அறிவித்தார்கள். ஆகவே மாதாமாதம் தடவிப் பார்ப்பதை ஒரு சடங்காக்கி, அத்தோடு கடமை முடிந்தது என்று எவரும் இருந்துவிட முடியாது. தன் உடம்பின் வழமையைத் தெரிந்துவைத்து, மாற்றம் கண்டவுடன் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்டுவதுதான் காரியம். அந்தப் பயிற்சி பெற்றவர் பெரிய வைத்தியராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மும்பாயில் டாட்டா நினைவு வைத்தியசாலையினர் 1998 இல் தொடங்கி, வறிய குடியிருப்புகளில் வாழும் ஒன்றரை இலட்சம் பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்தனர். அவர்களில் ஒரு பாதிப் பெண்களை, பயிற்றப்பட்ட பெண் சுகாதாரப் பணியாளர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தனர். மமோகிராம் இயந்திரம் பயன்படவில்லை. நோய் முற்றாத நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் இந்நோயால் ஏற்பட்ட இறப்பு ஏறக்குறைய 30 சதவீதத்தால் குறைந்தது என்று 2021 இல் முடிவு வெளியானது. 50 வயதுக்குக் குறைந்தவர்களில் இறப்புக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எம்மைப் போன்ற வசதி குறைந்த மக்களுக்கு இது பெரிய செய்தி. பெண்களின் கைகளும் முறையான பயிற்சியும் இருந்தால் செய்யக்கூடிய வேலை இது.

எமது நாட்டில் இதற்கென்று ஒரு வழி ஏற்கனவே திறந்திருக்கிறது. 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் ஊடாகச் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. அங்கே மார்பகத்தையும் பார்க்கிறார்கள், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் பரிசோதிக்கிறார்கள், குருதி அழுத்தமும் சலரோகமும் பார்க்கிறார்கள். காசு இல்லை. 35, 45 வயதுகளில் உள்ளவர்களைக் குறிப்பாக அழைக்கிறார்கள், மற்றவர்களும் போகலாம். கிளினிக் என்பது பிள்ளைத்தாச்சிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் என்று நினைத்து, பேரப்பிள்ளை கண்ட பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. மும்பாய் ஆய்வில் கூடிய பயன் பெற்றவர்கள் அந்த வயதுக்காரர்களே.

சுகாதாரத் துறையினரிடம் எமக்கு ஒரு முறைப்பாடு இருக்கிறது. ஒக்ரோபர் மாதம் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். இது 1985 இல் அமெரிக்காவில் தொடங்கியது. இங்கும் அந்த மாதத்தில் இளஞ்சிவப்பு நாடா கட்டுகிறார்கள், நடைபவனி போகிறார்கள், நடமாடும் கிளினிக்குகளையும் கூடுதலாக வைக்கிறார்கள். நகரத்து உத்தியோகத்தருக்கு அது பொருந்தும். எமது ஊர்களில் ஒக்ரோபர் என்றால் முதல் மழையோடு விதைப்பு. கமக்காரப் பெண் அந்த மாதத்தில் வயலை விட்டு வரமாட்டாள். வரச் சொல்வதும் நியாயம் இல்லை. அருவிவெட்டு முடிந்து கையில் காசு புழங்கும் மாசி, பங்குனியில் ஒரு சுற்றும், சிறுபோகம் முடிந்த பின் இன்னொரு சுற்றும் கிராமத்துக்கே வந்து வைத்தால் பெண்கள் திரண்டு வருவார்கள். பார்ப்பவர் பெண்ணாக இருக்கட்டும். மறைப்புக்கு ஒரு சேலையாவது கட்டப்படட்டும். கட்டியோடு வந்த பெண்ணை, தொகை கூடிவிட்டது, அடுத்த மாதம் வா என்று திருப்பி அனுப்பாமல் விடட்டும். அப்படித் திருப்பப்பட்டவர் மறுமுறை வருவதற்கு மறுபடியும் ஒரு நாளைப் பிச்சை கேட்க வேண்டும் என்பது மேசைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரிவதில்லை.

தூரம் ஓரளவு குறைந்திருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஏ-9 வீதி 1990 முதல் 2002 வரையும், 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்ட பின்னரும், மகரகமவுக்குப் போக வேண்டிய நோயாளிகள் பட்ட பாட்டை எமது வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் இரு முனைகளையும் இணைத்து நடந்த நிதிசேர் நடைபயணத்தின் பயனாகத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. நடந்தவர்களில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் இருந்தனர். இன்று வடக்கில் உள்ளவர்கள் முதலில் போக வேண்டிய இடம் கிட்டிய மாவட்ட அல்லது ஆதார வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக். அங்கிருந்து எழுதி அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் அறவிடுவதில்லை. ஆனால் பஸ்சும் சாப்பாடும் துணைக்குப் போகிறவரின் ஒரு நாள் கூலியும் இலவசம் அல்ல. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டபோது வெளியே வாங்கச் சொன்னார்கள். வாங்க இயலாதவர்கள் இடைநடுவில் நின்றார்கள்.

இங்கேதான் எமது சங்கங்களுக்கு வேலை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் தொடங்கிய திட்டம், பெண் முதலில் வைத்தியரிடம் காட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் நிர்ணயம் முடிய வேண்டும் என்கிறது. அதில் எத்தனை நாள் வைத்தியசாலையில் கழிகிறது, எத்தனை நாள் எமது வீட்டில் கழிகிறது என்று மாதர் சங்கம் கணக்குப் பார்க்கலாம். விதைநெல்லுக்கும் பம்புக்கும் சுழற்சிக் கடன் கொடுக்கும் சங்கம், வைத்தியசாலைப் பயணத்துக்கென்று ஒரு சிறு தொகையை, திருப்பிக் கேட்காத தொகையாக, ஒதுக்கி வைக்கலாம். சிகிச்சையில் இருக்கும் பெண்ணின் வயலில் மற்றக் குடும்பங்கள் முறைக்கு இறங்கி வேலை செய்யலாம். சாவீட்டுக்கு எல்லோரும் கூடுகிற ஊர் இதற்கும் கூடும். ஆண்களுக்கும் ஒரு சொல்: மனைவி சொல்லட்டும் என்று காத்திராமல் நீங்கள் கேளுங்கள். பிறகு அவளோடு பஸ் ஏறுங்கள். மருந்தால் தலைமயிர் கொட்டும் மாதங்களில் வீட்டுக்குள் வருகிறவர்களின் வாயையும் கொஞ்சம் அடக்கி வையுங்கள். மயிர் திரும்ப முளைக்கும்.

தொடங்கிய சிகிச்சையை நிறுத்தக் கூடாது என்பது எம் குடும்பங்களுக்குக் கூடுதலாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் நாம் ஓரிடத்தில் இருப்பவர்கள் அல்ல. கதிர்ச்சிகிச்சை வழமையாக வார நாட்களில் நாள்தோறும் சில கிழமைகள் நடக்கும். பல பெண்கள் தமொக்சிபென் போன்ற மாத்திரையை 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ விழுங்க வேண்டும்; சுகமாகிவிட்டது என்று இரண்டாம் ஆண்டில் விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். காணி விடுபட்டு ஊருக்குத் திரும்பினாலோ, கூலிக்கு வேறு மாவட்டம் போனாலோ, புதிய முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் கிளினிக்கில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அழைப்பு பழைய கொட்டிலின் வாசலுக்குத்தான் வரும். கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை, சதைப் பரிசோதனை அறிக்கை மூன்றையும் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கும் அதே பொலித்தீன் பையில் வையுங்கள். அவசரத்தில் எடுத்துக்கொண்டு ஓடும் பை எதுவென்று எமது வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் அடுத்த சுகவனிதையர் கிளினிக் எந்த நாளில், எந்த இடத்தில் என்று சொல்வார். போகும்போது தேசிய அடையாள அட்டையும், முன்பு எப்போதாவது கொடுத்த துண்டு இருந்தால் அதையும் கொண்டு போங்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள்.